சென்னைக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு: குடிதண்ணீரைப் பிளாஸ்டிக்கில் பிடித்துவைப்பது எப்படி

புதுக்கோட்டையிலிருந்து மேடவாக்கத்துக்குக் குடிவந்த மூன்றாவது வாரம் என் மகளுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. நான்கு வயது. இரண்டு நாளில் நின்றது, பத்து நாளில் திரும்ப வந்தது. இரண்டாம் முறை போனபோது டாக்டரம்மா, "எந்தத் தண்ணிம்மா குடிக்கிறீங்க?" என்று கேட்டார். "கேன் தண்ணிதான் டாக்டர்" என்றேன். கேன் என்று சொன்னாலே போதும் என்று நினைத்திருந்தேன். "சரி, கேன்ல இருந்து எதுல ஊத்தி வைக்கிறீங்க?" என்று அடுத்துக் கேட்டார்.

அன்று ராத்திரி வீட்டுக்காரரும் நானும் கேன் தண்ணீரை ஊற்றிவைக்கும் டிஸ்பென்சரைக் கவிழ்த்துக் குழாயைக் கழற்றினோம். வெளியே பளிச்சென்று இருந்த வெள்ளைக் குழாய். உள்ளே, ரப்பர் வாஷருக்குப் பின்னால், இளம்பழுப்பில் ஒரு படிவு. தொட்டால் வெண்டைக்காய்க் கொழகொழப்பு. பஞ்சுக் குச்சியால் துடைத்தால் நூல்போல இழுபட்டது. ஒரு மாதமாக என் பெண் குடித்த ஒவ்வொரு டம்ளர் தண்ணீரும் அதை உரசிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் கேன் போடுகிறவர், பாத்திரக் கடைக்காரர், பரிசோதனைக் கூடம் என்று அலைந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பிளாஸ்டிக்கில் தண்ணீர் வைக்கலாமா என்று கேட்டால் என் பதில்: வைக்கலாம், ஆனால் எந்தப் பிளாஸ்டிக், எத்தனை நாள், எவ்வளவு சூட்டில் என்று பார்த்துத்தான். புதிதாக வருகிறவர்கள் பிளாஸ்டிக்கிலிருந்து என்ன கசியும் என்றுதான் அதிகம் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளை இந்த வாரமே படுக்கவைப்பது கழுவாத குழாயும் உள்ளே விட்ட கையும்தான். இரண்டையும் கவனிக்க வேண்டும், கழுவுவதை முதலில்.

1. வீடு பார்க்கும்போதே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள். குழாயில் வருவது மெட்ரோ வாட்டரா (சென்னை குடிநீர் வாரியம் தரும் தண்ணீர்), போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா? இரண்டு கலந்து ஒரே சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், விழுகிறதா? மேல்தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்? மூன்றாவதற்குப் பெரும்பாலும் "போன தீபாவளிக்கு" என்கிற மாதிரிதான் பதில் வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டி கழுவித்தருவது வீட்டு உரிமையாளர் பொறுப்பு என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன்னால் கேட்டால் யாரும் மறுப்பதில்லை, குடிவந்த பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

ஒரே கட்டடத்தில் சமையலறைக் குழாயில் மெட்ரோ வாட்டரும் குளியலறையில் போர் தண்ணீரும் வருவது இங்கே சாதாரணம். எந்தக் குழாயில் எது என்று வாட்ச்மேனிடம் கேட்டு, குழாய்க்கு மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். வீட்டில் வேலைக்கு வருகிறவரும் ஊரிலிருந்து வரும் மாமியாரும் தெரியாமல் மாற்றிப் பிடிக்க மாட்டார்கள்.

2. பாத்திரத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள்

பெரும்பாலான பிளாஸ்டிக் பாத்திரங்களின் அடியில் அம்புக்குறி முக்கோணம் ஒன்று இருக்கும், அதற்குள் ஓர் எண். கடையில் அதைத் திருப்பிப் பார்க்க வெட்கப்படாதீர்கள்.

குடிதண்ணீர் சேர்த்துவைக்க 2 (எச்டிபிஇ), 5 (பாலிப்ரொப்பிலீன்) இரண்டும் நல்லவை. 4-உம் சரி. 1 என்றால் பெட்: கடையில் விற்கும் தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் எல்லாம் இதுதான். ஒருமுறை பயன்பாட்டுக்குப் பாதுகாப்பானது. ஆனால் சூடு ஏற ஏற அதிலிருந்து ஆன்டிமணி என்ற தனிமம் தண்ணீரில் இறங்கும் அளவு கூடும். 3 (பிவிசி), 6 (பாலிஸ்டைரீன்) இரண்டையும் குடிதண்ணீர் வைக்கத் தவிர்த்துவிடுங்கள்.

7 என்றால் "மற்றவை". கண்ணாடி மாதிரிக் கெட்டியாக, தட்டினால் டங்கென்று கேட்கும் நீல நிற 20 லிட்டர் கேன் பெரும்பாலும் பாலிகார்பனேட். அது இந்த ஏழில் வரும். பிபிஏ (பிஸ்ஃபீனால்-ஏ) என்ற, உடம்பின் ஹார்மோன்களைக் குழப்பக்கூடிய ரசாயனம் இதைச் செய்யப் பயன்படுகிறது. கேன் பழசாகி, கீறல் விழுந்து, வெயிலில் நின்றால் பிபிஏ தண்ணீரில் இறங்குவது கூடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல், ஒரு மனிதர் நாள்தோறும் உட்கொள்ளத்தக்க பிபிஏ அளவை முன்பிருந்ததைவிட 20,000 மடங்கு குறைத்தது. பால் புட்டிகளில் பாலிகார்பனேட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2011-லேயே தடைசெய்துவிட்டது. அதனால் கைக்குழந்தையும் கர்ப்பிணியும் இருக்கும் வீட்டில் பாலிகார்பனேட் கேனில் தண்ணீரை நாள்கணக்கில் வைக்காமல், வந்தவுடன் எவர்சில்வரில் மாற்றிவிடுங்கள் என்பேன். மற்ற வீடுகளில் கேனைக் கண்டு பதற வேண்டியதில்லை. வெயிலில் வைக்காமல், பழசை வாங்காமல் இருந்தால் போதும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டும்தான் சொல்கிறது. உணவுக்கு ஏற்றதா, மறுசுழற்சி செய்த கழிவில் வார்த்ததா என்று அது சொல்லாது. உணவுக்கு உகந்தது என்பதற்குக் கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த சின்னம் தனியாக இருக்கும், அல்லது "ஃபுட் கிரேடு" என்று அச்சிட்டிருக்கும். தெருவில் வண்டியில் வரும் மலிவுக் குடங்களில் இரண்டும் இருக்காது. மூடியைத் திறந்து மோந்து பாருங்கள்: சுட்ட ரப்பர் வாசனையோ மண்ணெண்ணெய் வாசனையோ அடித்தால் அதைப் புழக்கத் தண்ணீருக்கு மட்டும் வாங்குங்கள்.

எச்டிபிஇ, பாலிப்ரொப்பிலீன் பாத்திரத்தில் "பிபிஏ இல்லை" என்று ஸ்டிக்கர் ஒட்டி நூறு ரூபாய் கூடக் கேட்பார்கள். அந்தப் பிளாஸ்டிக்குகளைச் செய்ய பிபிஏ தேவையே இல்லை. ஸ்டிக்கருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

3. இவற்றை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்

பெயின்ட் வாளி. வெள்ளையாக, கெட்டியாக, மூடியோடு, 20 லிட்டர். வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்ததும் அதைக் கழுவித் தண்ணீர் பிடிக்காத தெருவே இல்லை. துணி ஊறவைக்கலாம், செடிக்கு ஊற்றலாம். குடிக்கவோ அரிசி களையவோ கூடாது. பிளாஸ்டிக் தன்னுள் வைத்திருந்ததை இழுத்துக்கொள்ளும். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் முழுதாகப் போகாது.

பழைய சாமான் கடையில் கிடைக்கும் நீல டிரம்மும் 35 லிட்டர் வெள்ளை ஜெர்ரி கேனும் அதைவிட ஆபத்து. அதில் முன்பு ஆசிட் இருந்ததா, சாயம் இருந்ததா, பூச்சிமருந்து இருந்ததா என்று விற்கிறவருக்கே தெரியாது. "எண்ணெய் வந்த டிரம்தான்க்கா" என்று சொல்வார்கள். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைச் சுரண்டியிருந்தால் பேசாமல் நடையைக் கட்டுங்கள். எங்கள் குடியிருப்பில் ஒரு குடும்பம் அப்படி வாங்கிய டிரம்மில் மூன்று நாள் தண்ணீர் வைத்தபோது மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தது. நல்லவேளையாக யாரும் குடிக்கவில்லை.

குளிர்பான பாட்டிலை மாதக்கணக்கில் ஃபிரிட்ஜில் வைத்து நிரப்பிக்கொண்டே இருப்பதும் வேண்டாம். கை உள்ளே போகாது, மூடியின் மரை இடுக்கில் கறுப்புப் படியும். உங்கள் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மூடியின் உள்பக்கத்தைக் குண்டூசியால் வழித்துப் பாருங்கள்.

4. கேன் போடுகிறவரை முடிவு செய்வது

குடிவந்த அன்றே கதவில் நான்கு விசிட்டிங் கார்டு செருகியிருக்கும். விலை குறைந்தவரை எடுத்துவிடாதீர்கள். முதலில் எல்லோரிடமும் ஒரே ஒரு கேன் காசு கொடுத்து வாங்கி, கீழே சொல்வதைப் பாருங்கள்.

லேபிளில் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு மாநில உரிமம் 124 என்றும் மத்திய உரிமம் 100 என்றும் தொடங்கும். அதைப் போனில் படம் எடுத்து, ஃபாஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் நிறுவனத்தின் பெயரும் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும். ஐந்து நிமிட வேலை. நான் பார்த்த நான்கு கேனில் ஒன்றின் எண் 13 இலக்கம்தான். இன்னொன்றின் எண் உண்மையானது, ஆனால் வேறு ஊரில் வேறு தொழில் செய்கிற ஒருவருடையது.

ஐஎஸ்ஐ முத்திரையும் அதன் மேல் ஐஎஸ் 14543 என்ற எண்ணும் இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கச் சொல்வார்கள். 2024 அக்டோபரோடு குடிநீர்க் கேன்களுக்கு அந்த முத்திரை கட்டாயம் இல்லை என்றாகிவிட்டது. இருந்தால் நல்லது, அதன் கீழே உள்ள சிஎம்/எல் என்ற உரிம எண்ணை, அந்த முத்திரையைத் தரும் பிஐஎஸ் அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை ஒதுக்க வேண்டாம். எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம் இல்லாதவரை ஒதுக்கியே ஆக வேண்டும்.

பிறகு தேதி. தண்ணீர் நிரப்பிய நாளும் பேட்ச் எண்ணும் கேனிலோ மூடியிலோ அச்சாகியிருக்க வேண்டும். கைவைத்துத் தேய்த்தால் அழிகிற மை, அல்லது எல்லாக் கேனிலும் ஒரே தேதி என்றால் சந்தேகப்படுங்கள். மூடிமேல் சுருக்கிய பிளாஸ்டிக் உறை கிழியாமல் இருக்க வேண்டும். உறை கிழியாமல் இருந்தும் மூடி கையால் திருகினாலே கழன்றால் அதுவும் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

அடுத்து கேனையே பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். உடம்பெல்லாம் வெள்ளைக் கீறல், நீலம் மங்கிச் சாம்பல் பூத்த நிறம், அடியில் மயிரிழை விரிசல், கழுத்துக்குள் பச்சை என்றால் வாங்காதீர்கள். கீறல் அழகுப் பிரச்சினை இல்லை. அந்தப் பள்ளத்தில்தான் கிருமி ஒட்டிக்கொள்ளும், கழுவும் தண்ணீர் அங்கே போகாது. பிபிஏ கசிவதும் அங்கே கூடும். நான் எங்கள் கேன் அண்ணனிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்: "அண்ணே, அஞ்சு ரூபா கூடக் குடுக்கிறேன், கீறல் கேன் மட்டும் எங்க வீட்டுக்கு வேண்டாம்." அவர் இப்போது எங்கள் மாடிக்கென்று பார்த்து எடுத்து வைக்கிறார். இவர்கள் பெரும்பாலும் ஏஜென்ட்டுகள், தண்ணீர் நிரப்புகிறவர்கள் இல்லை. கோபித்துப் பேசினால் ஒன்றும் நடக்காது, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொன்னால் நடக்கும்.

வண்டியையும் ஒருநாள் கீழே இறங்கிப் பாருங்கள். சித்திரை வெயிலில் தார்ப்பாய் இல்லாத சின்ன யானை மினி லாரியில் காலையிலிருந்து நிற்கிற கேன், மத்தியானம் உங்கள் வீட்டுக்கு வரும்போது கைக்கே சூடாக இருக்கும். அதற்குத்தான் காலை எட்டு மணிக்குள் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். நாங்கள் அப்படித்தான் மாற்றிக்கொண்டோம்.

டெபாசிட் விஷயம்: ஒரு கேனுக்கு எங்களிடம் 200 ரூபாய் வாங்கினார்கள். எத்தனை கேன், எவ்வளவு தொகை, எந்தத் தேதி என்று கார்டின் பின்னால் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அல்லது யுபிஐயில் அனுப்பும்போது "கேன் டெபாசிட்" என்று குறிப்புப் போடுங்கள். முதலில் எங்களுக்குக் கேன் போட்டவர் ஒரு நாள் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். சீட்டு இல்லாததால் 400 ரூபாய் போயிற்று.

5. சேர்த்துவைக்கும் பாத்திரத்தை வாங்குவது

பாத்திரக் கடைக்குப் போகும்போது இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்திருங்கள்: கழுவும்போது கை உள்ளே போக வேண்டும், தண்ணீர் எடுக்கும்போது கை உள்ளே போகக் கூடாது. அதாவது மேலே அகலமான, இறுக மூடும் மூடி, கீழே குழாய். அகல வாய்க் குடத்தில் இரண்டாவது நடக்காது, வாய் குறுகிய பபுள் டாப் கேனில் முதலாவது நடக்காது.

குழாய் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கிறதா என்று கடையிலேயே திருகிப் பாருங்கள். ஒட்டவைத்த குழாய் வேண்டாம். அளவு, இரண்டு நாளில் தீர்கிற அளவு போதும். நான்கு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் எங்களுக்கு 20 லிட்டர் ஒன்றரை நாள் வருகிறது. 50 லிட்டர் டிரம்மை நிரப்பிவைத்துவிட்டால் வேலை மிச்சம் என்று தோன்றும், ஆனால் அடியில் இருக்கும் தண்ணீர் எப்போதும் பழசாகவே இருக்கும்.

காசு முடிந்தால் எவர்சில்வர் வாங்குங்கள். மண்பானையும் நல்லதுதான், அதையும் இதே கண்டிப்போடு கழுவ வேண்டும். ஊரில் பானை என்றால் தானாகவே சுத்தம் என்று நினைக்கிறோம்.

6. கழுவுவது

புதுப் பாத்திரமானாலும் முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி ஒரு இரவு வைத்துக் கொட்டிவிடுங்கள். இரண்டாம் நாளும் பிளாஸ்டிக் வாசனை தண்ணீரில் இருந்தால் கடையில் திருப்பிக் கொடுங்கள். பில்லைப் பத்திரமாக வைக்கச் சொல்வது இதற்குத்தான்.

அதன்பிறகு வாரம் ஒருமுறை முழுக் கழுவல். எங்கள் வீட்டில் அது ஞாயிறு காலை, கேன் தீர்கிற நேரத்தில். இப்படிச் செய்கிறேன்:

பாத்திரத்தைக் காலிசெய்து குழாயைக் கழற்றி, வாஷர், திருகு எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போடுவேன். பாத்திரத்தின் உள்ளே மென்மையான ஸ்பாஞ்சும் பாத்திர சோப்பும். கம்பி நார் கூடவே கூடாது, தேங்காய் நாரும் வேண்டாம். இரண்டும் பிளாஸ்டிக்கைக் கீறும். குழாயின் துளைக்குள் ஃபீடிங் பாட்டில் நிப்பிள் கழுவும் சின்ன பிரஷ்ஷை விட்டு இரண்டு பக்கமும் தேய்ப்பேன். வாஷரைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினால் வழுவழுப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். க்ரீச்சென்று சத்தம் வந்தால் சுத்தம்.

சோப்புப் போக அலசியபின் கிருமி நீக்கம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம். அதைப் பாத்திரத்தின் எல்லாப் பக்கமும் படும்படி சுழற்றி, குழாய்ப் பாகங்களையும் அதில் முக்கி, ஒரு நிமிடம் விட்டுக் கொட்டிவிட்டு, குடிதண்ணீரால் அலசிக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். துணியால் துடைக்காதீர்கள். அடுப்படித் துணியில் கிருமி அதிகம்.

மூன்று எச்சரிக்கை. இந்தத் திரவத்தோடு வினிகர், எலுமிச்சை, ஆசிட், டாய்லெட் கிளீனர் எதையும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும். உப்புத் தண்ணீரால் படியும் வெள்ளைப் பொருக்கை எடுக்க எலுமிச்சையோ புளியோ போட்டால் அதை வேறொரு நாளில் செய்து நன்றாக அலசிவிடுங்கள். கொதிக்கும் தண்ணீரைப் பிளாஸ்டிக்கில் ஊற்றிக் கழுவாதீர்கள், பாலிகார்பனேட்டில் கட்டாயம் கூடாது. பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் பாட்டிலைத் தினமும் மூடி, ஸ்ட்ரா, ரப்பர் வளையம் கழற்றிக் கழுவ வேண்டும். வாரம் ஒருமுறை என்பது பெரிய பாத்திரத்துக்கு மட்டும்.

7. வைக்கிற இடம்

சமையலறை மேடைக்குக் கீழே ஃபினாயில், கொசுமருந்து, எலிமருந்து இருக்கிற அலமாரியில் தண்ணீர் கேனை வைத்துவிடுவார்கள், இடம் அங்கேதான் இருக்கும். பிளாஸ்டிக் சுவர் வழியாக அந்த ஆவி உள்ளே ஏறும். ஒரு மழைக்காலத்தில் எங்கள் தண்ணீரில் லேசான அந்துருண்டை வாடை அடித்தது. மூடி திறக்கவே இல்லை, பக்கத்தில் ஒரு பொட்டலம் இருந்தது, அவ்வளவுதான். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

பால்கனி வேண்டாம், மொட்டை மாடிப் படிக்கட்டும் வேண்டாம். வெயில் பட்டால் பாசி பிடிக்கும், பிளாஸ்டிக்கும் கெடும். அடுப்புக்கு நேர் பக்கமும் ஃபிரிட்ஜின் பின்பக்கமும் சூடு. தரையிலிருந்து ஒரு முக்காலி உயரம். வெளிச்சம் தவிர்க்க முடியாத இடமென்றால் பழைய வேட்டித் துணியைச் சுற்றுங்கள். காரின் பின்சீட்டில் கிடக்கும் பாட்டில் தண்ணீர், மே மாதம் ஒரு மத்தியானம் நின்றிருந்தாலே செடிக்குத்தான்.

8. ஊற்றுவதும் எடுப்பதும்

பழைய தண்ணீர் மேல் புதுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். மிச்சமிருப்பதை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டு, அலசிவிட்டு நிரப்புங்கள். டம்ளரை உள்ளே விட்டு மொள்ளும் பழக்கம் இருந்தால், நீளமான காம்பு வைத்த கரண்டி ஒன்றைத் தனியாக ஆணியில் மாட்டிவையுங்கள். எங்கள் அத்தைக்கு முதலில் இது பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு பேத்திக்கு வயிற்றுப்போக்கு திரும்ப வராததைப் பார்த்ததும் அவரே எல்லோரையும் கண்டிக்க ஆரம்பித்தார்.

கொதிக்கவைக்கிறவர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. தண்ணீரைக் காய்ச்சி, ஆவி பறக்கப் பிளாஸ்டிக் குடத்தில் ஊற்றிவிடுவார்கள். காய்ச்சியதன் பலனைச் சூடு கெடுத்துவிடும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், அதே எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி ஆறவிட்டு, கைபொறுக்கும் சூடுகூட இல்லாமல் ஆன பிறகு மாற்றுங்கள். கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்கக் கேன் தண்ணீரானாலும் காய்ச்சியே ஆக வேண்டும்.

ஆர்ஓ என்ற தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மெட்ரோ வாட்டர் வரும்போது லேசாகக் குளோரின் வாசனை அடிக்கிறதே, அது நல்ல அடையாளம். குழாய்முனையில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது குடிநீருக்கான இந்தியத் தரம். அந்த மிச்சக் குளோரின்தான் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் தண்ணீரைக் காக்கிறது. ஆர்ஓ மெஷினில் அந்தக் குளோரின் போய்விடுகிறது. அதனால் ஆர்ஓ தண்ணீர் சேர்த்துவைக்க ஏற்றதல்ல. தினம் பிடித்துத் தினம் தீர்க்க வேண்டியது.

லாரித் தண்ணீரோ மழைக்காலத்தில் கலங்கிய குழாய்த் தண்ணீரோ குடிக்க வேண்டி வந்தால், நான்காக மடித்த பருத்தித் துணியில் வடிகட்டி, பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் குளோரின் மாத்திரை போட்டு அரைமணி நேரம் மூடிவையுங்கள். எத்தனை லிட்டருக்கு ஒன்று என்பது மாத்திரைக்கு மாத்திரை மாறும், உறையைப் படிக்காமல் போடாதீர்கள். தேற்றாங்கொட்டை உரசிப் போட்டால் கலங்கல் தெளியும், கிருமி சாகாது. தெளிந்ததைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

மூடியில்லாத குடம், டிரம் எதுவும் வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் தொடாமல் நிற்கக் கூடாது. டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது, தேய்க்க வேண்டும்.

9. தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது

டிடிஎஸ் மீட்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது கரைந்த உப்பை மட்டும் அளக்கும். 500-க்குள் காட்டினால் ருசியாக இருக்கும், அவ்வளவுதான். சாக்கடை கலந்த தண்ணீரும் 200 காட்டலாம். மெஷின் விற்க வருகிறவர் இதை உங்களிடம் சொல்ல மாட்டார்.

வீட்டிலேயே செய்ய எச்2எஸ் குப்பி என்ற ஒன்று உண்டு. கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, அறைச் சூட்டில் ஒரு நாள், இரண்டு நாள் வைத்தால், மலக் கிருமி கலந்திருந்தால் பெரும்பாலும் கறுப்பாகிவிடும். இரண்டு குப்பி வாங்குங்கள்: ஒன்றில் கேனிலிருந்து நேராக ஊற்றியது, இன்னொன்றில் உங்கள் பாத்திரத்துக் குழாயில் பிடித்தது. எங்கள் வீட்டில் முதலாவது நிறம் மாறவில்லை. இரண்டாவது மறுநாள் சாயங்காலமே கருத்தது. டிஸ்பென்சரைத் தூக்கிப்போட்டது அன்றைக்குத்தான்.

முழுச் சோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் இருக்கின்றன, ஆய்வகங்களின் தரத்தைச் சான்றளிக்கும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற தனியார் கூடங்களும் உண்டு. கிருமிச் சோதனைக்கு மட்டும் எங்களிடம் தனியார் கூடத்தில் 900 ரூபாய் வாங்கினார்கள். அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், உங்கள் பாட்டிலில் கொண்டுபோனால் முடிவு செல்லாது. மாதிரியை ஐஸ் போட்ட பையில் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். காலையில் போனால்தான் இது நடக்கும். ரிப்போர்ட்டில் "ஈ. கோலை" என்ற மலக் கிருமியின் வரியைப் பாருங்கள்: 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

10. முதல் மாதம் எவ்வளவு ஆகும்

எங்களுக்கு ஆனது, கடைக்குக் கடை மாறும்: குழாய் வைத்த 20 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம் 2,300 ரூபாய். அதே அளவில் ஃபுட் கிரேடு பிளாஸ்டிக் 600-க்குக் கிடைத்தது, ஊரிலிருந்து ஆட்கள் வரும்போது அதை எடுப்போம். கேன் ஒன்றுக்கு 40 வீதம் மாதம் இருபது கேன், 800. இரண்டு கேன் டெபாசிட் 400. பிரஷ், ஸ்பாஞ்ச், ஹைப்போகுளோரைட், குளோரின் மாத்திரை எல்லாம் சேர்த்து 300-க்குள். உபரிக் குழாய் ஒன்று 90 ரூபாய்க்கு வாங்கி வைத்திருக்கிறேன். வாஷர் உப்பிப்போனால் தனியாகக் கிடைப்பதில்லை, குழாயோடு மாற்ற வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். பிளாஸ்டிக் பாத்திரத்தின் உள்பக்கம் சொரசொரவென்று ஆனாலோ நிறம் வெளுத்தாலோ அன்றே அது தோட்டத்துக்கு.

11. கோளாறு என்று தெரிந்தால்

தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். கேனை அப்படியே மூடி ஓரமாக வைத்து, லேபிள், உரிம எண், பேட்ச், தேதி, மூடி உறை, உள்ளே தெரியும் தூசி, பாசி எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். ஏஜென்ட்டிடம் சொல்லும்போது கேனைத் திருப்பிக் கொடுத்துவிடாமல், படத்தை மட்டும் அனுப்புங்கள். "மாத்தித் தர்றேன், அதைக் குடுங்க" என்று உடனே ஆள் அனுப்புவார்கள். கொடுத்துவிட்டால் உங்களிடம் ஒன்றும் இருக்காது.

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பில் படத்தோடு புகார் அனுப்பலாம். குழாயில் வரும் மெட்ரோ வாட்டரில் சாக்கடை வாடை அடித்தால் சென்னை குடிநீர் வாரியத்தின் 1916. எந்தத் தெரு, எத்தனை நாளாக, காலையா மாலையா, பக்கத்து வீட்டிலும் அப்படியா என்று நான்கையும் எழுதிவைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். இந்த நான்கும் என்னிடம் கேட்டார்கள். புகார் எண் கொடுப்பார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் புகாருக்கு முன்னால் உப்புச் சர்க்கரைக் கரைசலும் டாக்டரும். போகும்போது குழாயைக் கழற்றி எடுத்த படத்தையும் போனில் வைத்திருங்கள். எங்கள் டாக்டரம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் எந்தப் பரிசோதனை எழுத வேண்டும் என்று முடிவு செய்தார்.